பற்றிக்குக்குப் பார்த்த வைத்தியம்

றோஸ்மேரியைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய் வந்தால், அன்று பின்னேரம் எங்கள் வீட்டு டெலிபோன் கட்டாயம் அடிக்கும். அடித்தால் அவள்தான்.

"யோசெப்பின் அக்கா, டொக்டர் 'கொஞ்சம் வீக்கம்' எண்டு சொன்னவர். நான் உங்களுக்கு 'வீக்கம்' எண்டு மட்டும் சொல்லிப்போட்டன். நீங்கள் பயந்துபோனியளோ?"

நான் பயப்படவில்லை. மத்தியானம் முழுக்க நல்லாகத்தான் இருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

றோஸ்மேரி எங்களுக்குக் கீழ்வீடு. மன்னார், பேசாலைப் பிள்ளை. மொன்றியலுக்கு வந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. இங்கிலீசும் பிரெஞ்சும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் எங்கள் கோயில் சனத்தில் யாருக்கு வருத்தம் வந்தாலும் முதலில் கூப்பிடுவது மாதாவை, இரண்டாவது றோஸ்மேரியை. மாதாவைக் கூப்பிடாத சண்முகலிங்கமும், பள்ளிவாசலுக்குப் போகிற அப்துல் ரஹீமும் நேரே இவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒருவருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

ஆனால் போவதற்கு முதல் அவள் கையைப் பிடித்துப் பார்த்தால் ஐஸ். போய்வந்த பிறகு அசைபோடத் தொடங்குவாள். எந்தச் சொல்லை விட்டேன், எதைக் கூட்டிச் சொன்னேன், டொக்டர் முகத்தைச் சுளித்தது என் பிரெஞ்சுக்கா அல்லது நோயாளியின் இரத்தத்துக்கா. பிறகு ஒவ்வொருவராக டெலிபோன் எடுத்துத் திருத்துவாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"எடி பிள்ளை, ஆனைக்கும் அடி சறுக்கும். நீ என்ன பெரிய ஆனையோ?"

"ஆனை சறுக்கினா ஆனைக்குத்தானே அக்கா அடி. நான் சறுக்கினா வருத்தக்காரருக்கெல்லே அடி."

பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வரும். டெலிபோனை வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்புகிற அலுவலகம் ஒன்று தமிழுக்கும் ஆள் எடுக்கத் தொடங்கியது. ஒரு பரீட்சை. ஒருவர் டொக்டராகவும் இன்னொருவர் நோயாளியாகவும் நடிப்பார்கள், நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். இனிமேல் அத்தாட்சி உள்ளவர்களைத்தான் உள்ளே விடுவோம் என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இவளுக்கென்றே வைத்த பரீட்சை என்று நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். முதல்தரம் நடுவில் எழும்பி வெளியே வந்துவிட்டாள். இரண்டாம்தரம் எழும்பவில்லை. சொன்னதைத் திருத்தி, திருத்தினதைத் திருத்தி, நோயாளி தன் வருத்தத்தைச் சொல்லி முடிக்கிறதற்கு முதல் நேரம் முடிந்துவிட்டது. இன்னும் ஒருதரம்தான் விடுவார்களாம். அதிலும் தவறினால் றோஸ்மேரி ஆஸ்பத்திரி வாசலில் கோட்டுகளை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உள்ளே யாரோ ஒருவர் எங்களுக்காகக் கதைப்பார்.

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அவளுக்கு அந்த அத்தாட்சியைவிட வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்பது எனக்கு அந்த அழாத முகத்தில்தான் விளங்கியது.

இனிச் சொல்லப்போவதில் பாதி அவள் சொன்னது, பாதி பற்றிக் என்கிற அவள் புருசன் சொன்னது. பற்றிக் சொன்னதை அவள் பிறகு டெலிபோனில் திருத்தியும் இருக்கிறாள். ஆகவே இது திருத்திய பதிப்பு.

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பல் வைத்தியர் இருக்கிற கட்டிடத்தின் மேல்மாடியில் மதாம் ஜிசேல் என்று ஒரு அம்மா இருந்தா. ஹிப்னாடிசம் செய்து பயத்துக்கும் பதகளிப்புக்கும் வைத்தியம் பார்க்கிறவ. எங்கள் கோயில் அக்னெஸுக்கு மெட்ரோவில் ஓடுகிற படியென்றால் உயிர் போகும். குடும்ப டொக்டர் சொல்லி அவவிடம் போனாள். கூடப் போனது றோஸ்மேரி. மதாம் ஜிசேல் கண்ணை மூடச் சொல்லி, மெதுவான இங்கிலீசில், உங்கள் தோள் இளகுகிறது, தாடை இளகுகிறது என்று சொல்லச் சொல்ல, இவள் அதே மெதுவில் தமிழில் சொன்னாள். அக்னெஸின் தோள் இளகியதோ தெரியாது, றோஸ்மேரியின் தோள் இளகிவிட்டது. அன்று பின்னேரம் அவள் ஒருவருக்கும் டெலிபோன் எடுக்கவில்லை. அக்னெஸ் இரண்டு மூன்று தரம் போனபிறகு அலுவல் இல்லாமலே மெட்ரோவில் ஏறி இறங்கித் திரிந்தாள்.

சமைக்கிறவளுக்கு வாசத்திலேயே பாதி வயிறு நிரம்பும். றோஸ்மேரி அப்படித்தான் யோசித்திருக்கிறாள். மொழிபெயர்க்கிற ஆளுக்கும் அந்த வைத்தியத்தில் பாதிப் பங்கு கிடைக்கும், ஒரு நோயாளியைப் பிடித்தால் காணும்.

"விசரி, நீயே நேர போவன்" என்றேன்.

"ஐயோ அக்கா! தலைக்கு வைத்தியம் பாக்கிறாளெண்டு கோயிலில தெரிஞ்சா, பேந்து ஆர் என்னை நம்பித் தங்கட வருத்தத்தைச் சொல்லுவினம்? ட்ரான்ஸ்லேஷனுக்குப் போற ஆளை ஒருத்தரும் ஏன் போனனியெண்டு கேக்க மாட்டினம்."

"அப்ப ஆரைக் கூட்டிக்கொண்டு போகப்போறாய்?"

"இவரை. இவருக்கு விசரெண்டு கேட்டா ஒருத்தரும் திடுக்கிட மாட்டினம்."

உண்மைதான். நானே திடுக்கிட்டிருக்க மாட்டேன்.

பற்றிக் சென்ட் லோரன்டில் ஒரு பெரிய பண்டகசாலையில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனுக்குத் தன்மேல் சந்தேகம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. பிழையான பஸ்ஸில் ஏறினாலும் பஸ் பிழையான பக்கம் போகுது என்பான். அப்படிப்பட்டவனைப் போய், தன்னம்பிக்கை குறைந்த நோயாளியாக நடிக்கக் கேட்டாள். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், படுக்கலாமோ என்று. சாய்மனைக் கதிரை இருக்கு என்றாள். ஓம் என்றான். ஆனாலும் கத்தோலிக்கன் அல்லவா, ஞாயிறு பூசை முடிய பாதரிடம் போய் இது பாவமா என்று விசாரித்திருக்கிறான். நித்திரை கொள்வது பாவமில்லை, பூசையில் கொள்வதுதான் பாவம் என்று பாதர் அவனை ஒரு பார்வை பார்த்திருக்கிறார்.

முதல்நாள் மதாம் ஜிசேல் அவனை ஒரு படிக்கட்டைக் கற்பனை செய்யச் சொன்னா. ஒவ்வொரு படியாக இறங்குங்கள், ஒவ்வொரு படியிலும் இன்னும் ஆழமாக. றோஸ்மேரி இரண்டாம் படியைத் தமிழில் சொல்லுமுன் பற்றிக் குறட்டை விட்டான். அவன் நேரே வேலையால் வந்தவன். மதாம் ஜிசேல் நிறுத்தவில்லை, இவளும் நிறுத்தவில்லை. குறட்டைவிடுகிற ஒரு மனுசனுக்கு ஒரு பெண் இங்கிலீசிலும் இன்னொரு பெண் தமிழிலும், உங்கள் குரலில் உறுதி இருக்கிறது, நீங்கள் சொல்வதை மற்றவர்கள் மதிக்கிறார்கள் என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வைத்தியம் வேலை செய்தது. பற்றிக்குக்கு.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பாட்டுக்கு எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தான். குரலில் உறுதி இருந்தது. அது முதலும் இருந்ததுதான், இல்லாமலிருந்தது சுருதி. அதற்கடுத்த கிழமை வேலையிடத்தில் போர்மனைக் கூப்பிட்டு, பண்டகசாலையை எந்தப் பக்கம் திருப்பி அடுக்கினால் நல்லது என்று விளங்கப்படுத்தினான். பங்குச் சபைத் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகவும், றிகோ மாதாவிடம் போகிற யாத்திரை பஸ்ஸை இனித் தான்தான் பொறுப்பெடுக்கப்போவதாகவும் என் வீட்டுக்கு வந்து அறிவித்துவிட்டுப் போனான். நான் கேட்கவேயில்லை. கதவைத் திறந்ததுதான் நான் செய்த குற்றம்.

றோஸ்மேரிக்கோ ஒன்றும் நடக்கவில்லை. அக்னெஸோடு போனபோது தெரியாத்தனமாகக் கிடைத்தது, இப்போது வேண்டுமென்று காத்திருந்தபோது கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நான் அமைதி எண்டு சொன்னனோ நிம்மதி எண்டு சொன்னனோ, அவ சொன்னது அதுவோ இதுவோ என்று தொடங்கிவிடுவாள். குறட்டைவிட்டவனுக்கு எதைச் சொன்னால்தான் என்ன, கோதாரி! பரீட்சைக்கு இரண்டு கிழமைகூட இல்லை. அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதை விட்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்க ஆத்திரம் வந்தது, ஆனாலும் சோற்றைப் போட்டுக் கீழே கொண்டுபோனேன்.

அதற்கடுத்த தரம் மதாம் ஜிசேல் படிக்கட்டுக்குப் போகவில்லை. பற்றிக்குக்கு அன்று விடுமுறை, நித்திரை முறித்து உட்கார்ந்திருந்தான். இந்தப் பயம் உங்களுக்கு எப்போது தொடங்கியது என்று கேட்டா. றோஸ்மேரி அதைத் தமிழில் சொன்னாள்.

"எனக்கென்ன தெரியும்? ஏதாவது சொல்லிவிடும்" என்றான் பற்றிக்.

அவள் இங்கிலீசில் சொல்லத் தொடங்கினாள். அவருக்கு இது தொடங்கினது அகதி விசாரணையில் என்றாள். வந்த புதிது, அவருக்கு அப்போது இங்கிலீசு சரியாக வராது. ஊரில் அவருடைய தம்பியை வீட்டிலிருந்து எப்படிக் கொண்டுபோனார்கள், அவன் என்ன உடுத்திருந்தான், போகும்போது திரும்பி என்ன சொன்னான், அம்மா எத்தனை இடத்துக்குத் தேடி அலைந்தா, எல்லாவற்றையும் தமிழில் அழுதழுது சொன்னார். சொல்லி முடிய, அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒரு வசனம் சொன்னார். சின்ன வசனம். அதிகாரி அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வழக்கு வென்றுவிட்டது. ஆனால் தம்பி அந்த அறையில் ஒரு வசனமாகிப் போனான். அன்றிலிருந்து இன்னொருவருக்காக வாயைத் திறக்கும்போதெல்லாம் அவருக்குப் பயம், யாருடைய தம்பியை நான் விழுத்திவிடப்போகிறேனோ என்று.

பற்றிக்குக்குப் பண்டகசாலை இங்கிலீசு நன்றாகத் தெரியும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மற்ற இங்கிலீசும் அவள் நினைத்ததைவிடக் கூடவே விளங்கும். அவன் அகதி விசாரணைக்கே போனதில்லை, றோஸ்மேரி ஸ்பொன்சர் செய்து வந்தவன். அவனுக்குத் தம்பியும் இல்லை, தமக்கைமார் மட்டும்தான். கதிரையில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தானாம். றோஸ்மேரியின் தம்பி போனது அவனுக்குத் தெரியும். கலியாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள், ஒரு வசனத்தில்.

காரில் வரும்போது எந்த வழியால் போவது என்று அவளிடம் கேட்டான். பற்றிக் வழி கேட்டது அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அடுத்த தரம், பரீட்சைக்கு முந்தின கடைசித் தரம், மதாம் ஜிசேல் கதவைத் திறந்ததும் பற்றிக் வாசலிலேயே நின்றான். அவனுக்கு வந்த இங்கிலீசில் சொன்னான்.

"மதாம், டெலிவரி றோங் அட்ரஸ்."

பிறகு தன்னைக் காட்டி இல்லையென்று தலையாட்டி, பெண்சாதியைக் கையால் காட்டினான். றோஸ்மேரிக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்ததாம். மதாம் ஜிசேல் ஆச்சரியப்படவேயில்லை. முதல்நாளே தெரியும் என்றா. பயந்த ஆட்கள் இரண்டாம் படியில் குறட்டைவிட மாட்டார்களாம். யார் எப்போது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாவாம்.

றோஸ்மேரியைச் சாய்மனைக் கதிரையில் இருத்தினார்கள். படிக்கட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் இவள் கண்ணைத் திறந்துவிட்டாள். முடியவில்லை என்றாள். இங்கிலீசு காதில் விழுந்தால் தலை தானாகவே தமிழாக்கத் தொடங்கிவிடுகிறது, நிற்பாட்டத் தெரியவில்லை என்றாள். மதாம் ஜிசேல் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் இன்று உங்கள் கணவர் மொழிபெயர்க்கட்டும், நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டாம், அவருக்குக் காதைக் கொடுங்கள் என்றா.

பற்றிக் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தான். மதாம் ஜிசேல் மெதுவாக, நீளமாக, ஒரு பழைய கல்படிக்கட்டையும் அதில் விழுகிற வெயிலையும் பற்றிச் சொன்னா.

"படியால இறங்கட்டாம்" என்றான் பற்றிக்.

றோஸ்மேரியின் வாய் திறந்தது. கல்லும் வெயிலும் எங்கே என்று கேட்க வந்திருப்பாள். மூடிக்கொண்டாள்.

மதாம் ஜிசேல் காற்றைப் பற்றியும் தோளில் இருந்து இறங்குகிற பாரத்தைப் பற்றியும் சொன்னா.

"கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு இறங்கட்டாம். சப்பாத்து வழுக்கும்."

கைபிடியும் சப்பாத்தும் மதாம் சொல்லாதவை. பண்டகசாலைப் பாதுகாப்பு வகுப்பில் படித்தவை. றோஸ்மேரி அதையும் திருத்தவில்லை. இவ்வளவு பிழையாக யாராவது மொழிபெயர்த்து அவள் கேட்டதில்லை, எங்கே தொடங்கித் திருத்துவது என்றே தெரியவில்லை என்று என்னிடம் சொன்னாள். பிறகு, படியில் உண்மையாகவே ஒரு கைபிடி தெரிந்தது என்றும் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாளாம்.

மதாம் ஜிசேல் பேச்சை நிறுத்தினா. பற்றிக் நிறுத்தவில்லை.

"இஞ்சேரும், றோஸ்மேரி. உம்மட தம்பியைப் பற்றி நீர் எனக்கு ஒருநாளும் முழுக்கச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. அது என்ர பிழை. வீட்டை போய்ச் சொல்லும், விடியுமட்டும் சொன்னாலும் இருந்து கேக்கிறன், சுருக்க மாட்டன். ஆனா அந்த ட்ரான்ஸ்லேஷன் மனுசன் செய்த வேலைக்கு நீர் ஏன் இவ்வளவு காலமும் குற்றம் சுமக்கிறீர்? நான் எத்தினை பெட்டியைக் கீழ விழுத்தியிருக்கிறன். அடுத்தநாளும் லிஃப்டை என்னட்டைத்தான் தாறாங்கள். நீரும் பிழை விடும். ரெண்டு மட்டும் விடலாம், அதுக்கு மேல வேண்டாம். இந்தச் சனம் உம்மட வாயை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகுது. நானும் உம்மை நம்பித்தான் இந்த நாட்டில இருக்கிறன்."

மதாம் ஜிசேல், அவர் என்ன சொன்னார் என்று கேட்டா. பற்றிக் வாயைத் திறந்து பார்த்தான். அவனுடைய இங்கிலீசில் இதற்கெல்லாம் சொல் இருக்கவில்லை. வைத்தியம் பார்த்த பிறகு அவன் முழித்தது அந்த ஒருதரம்தான்.

கண்ணை மூடியபடியே றோஸ்மேரி சொன்னாள். முதலிலிருந்து, ஒவ்வொரு வசனமாக, இங்கிலீசில். என் தம்பியைப் பற்றி நான் அவருக்கு முழுக்கச் சொல்லவில்லை. பெட்டி விழுத்தியதைச் சொன்னாள், இரண்டு பிழை விடலாம் என்பதைச் சொன்னாள். கடைசி இரண்டு வசனத்துக்கும் வந்தாள். தன்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல்லை அவள் தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, அன்றைக்கு அவளுக்கு வேறு வழியில்லை, மொழிபெயர்ப்பாளர் ஒன்றையும் விடக் கூடாது. எங்கள் ஆட்கள் என் வாயை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அவரும் என்னை நம்பித்தான் இந்த நாட்டில் இருக்கிறார். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை, ஒரு சொல்லையும் திரும்பிப்போய்த் திருத்தவில்லை.

இதைப் பற்றிக் என் குசினியில் நின்று சொன்னபோது நான் வெங்காயம் வெட்டவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்தேன்.

பரீட்சை ஒரு வியாழக்கிழமை. பற்றிக் காரை நிற்பாட்டக் கூடாத இடத்தில் நிற்பாட்டிவிட்டு உள்ளேயே இருந்தான், என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவள் பாஸ் என்பது பிறகு தெரிந்தது. அன்று கட்டிடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வரும்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் செபமாலையில் எந்த மணியில் நின்றேன் என்பதை மறந்துவிட்டேன்.

கதவைத் திறந்து முன்சீட்டில் இருந்தாள். பெல்ட்டைப் போட்டாள்.

"ஒரு பிழை விட்டிட்டன்" என்றாள்.

"பேந்து?"

"பிழையெண்டு சொல்லித் திருத்திப்போட்டு மற்றதுக்குப் போனன்."

பற்றிக் காரை ஸ்டார்ட் பண்ணினான்.

"ஒண்டுதானோ? ரெண்டு விடலாமெண்டெல்லே சொன்னனான்."

"மற்றதை நாளைக்கு விடுறன்" என்றாள் றோஸ்மேரி. "எடுங்கோ காரை."